தனியா நியூட்ரிஷனல் தெரபிஸ்ட்டா வேலை பார்க்கப் போறீங்களா? இன்டேக் ஃபார்ம்ல இருந்து ஆரம்பிங்க

லோகோ, வெப்சைட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல உங்க பேருக்குப் பின்னாடி என்ன போட்டுக்கலாம்னு விசாரிங்க. டயட்டீஷியன்ங்கிற பட்டத்துக்கு நிறைய நாடுகள்ல சட்டப் பாதுகாப்பு இருக்கு, பதிவு இல்லாம போட்டுக்க முடியாது. நியூட்ரிஷனல் தெரபிஸ்ட்னு போட்டுக்க பல இடத்துல அப்படி கட்டுப்பாடு கிடையாது, அதனாலேயே நம்ம எல்லைய நாமளேதான் கண்டிப்பா வச்சுக்கணும். தொழில் பதிவு, இன்சூரன்ஸ், தனி பேங்க் அக்கவுன்ட் இதெல்லாம் முதல் ஆள் வர்றதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க.

அடுத்து இன்டேக் ஃபார்ம், அதாவது புதுசா வர்றவங்ககிட்ட மருந்து, சாப்பாடு, உடம்பு விவரமெல்லாம் கேட்டு நிரப்புற படிவம், இதுலதான் நேரத்த செலவு பண்ணணும். என்ன சாப்பிடுறாங்கன்னு கேக்கறதுக்கு முன்னாடி என்ன மாத்திரை போடுறாங்க, எந்த நேரத்துல போடுறாங்கன்னு கேளுங்க. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுக்கிறவங்ககிட்ட கீரை நிறைய சாப்பிடுங்கன்னு சும்மா சொல்லிட்டு வந்துட்டா கீரைல இருக்கிற விட்டமின் கே திடீர்னு கூடி மருந்து சரியா வேலை செய்யாம போயிடும், கீரையே கூடாதுன்னு இல்ல, தினமும் ஏறக்குறைய ஒரே அளவா இருக்கணும், அளவ மாத்தறதுன்னா டாக்டருக்குத் தெரியணும். தைராய்டுக்கு லெவோதைராக்ஸின் போடுறவங்க இரும்பு, கால்சியம் மாத்திரைகள 4 மணி நேரம் தள்ளிப் போடணும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா எடுக்கிறவங்களுக்கு விட்டமின் பி12 குறைய வாய்ப்பிருக்கு. முடிக்காக பயோட்டின்ங்கிற விட்டமின ஹை டோஸ்ல எடுத்தா தைராய்டு ரிப்போர்ட்டே தப்பா வரலாம், நெறைய பேர் அத மருந்துன்னே நினைக்கிறதில்ல, நீங்க பேர் சொல்லிக் கேட்டாதான் சொல்லுவாங்க.

இன்னொன்னு, சீலியாக் (க்ளூட்டன் சாப்பிட்டா குடல் பாதிக்கிற நோய்) இருக்குமோன்னு சந்தேகம் வந்தா டெஸ்ட்டுக்கு முன்னாடி க்ளூட்டன, அதாவது கோதுமை மாதிரி தானியங்கள்ல இருக்கிற புரதத்த, நிறுத்தச் சொல்லாதீங்க ப்ளீஸ். நிறுத்திட்டா டெஸ்ட் நெகட்டிவ்னு வர வாய்ப்பிருக்கு, அப்புறம் உண்மை தெரியணும்னா அவங்க மறுபடி அத சாப்பிட்டு வாரக்கணக்குல அவஸ்தைப்படணும்.

முயற்சி பண்ணாமலேயே எடை குறையுது, மலத்துல ரத்தம், முழுங்க கஷ்டமா இருக்கு, சாப்பாட்டக் கண்டாலே பயப்படுறாங்க, இப்படி எது இருந்தாலும் ப்ளான் போட உட்காராதீங்க, அன்னைக்கே டாக்டர்கிட்ட அனுப்புங்க. கூடவே ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க, அவங்க சம்மதத்தோட. க்ளையன்ட் கைவிட்டுப் போயிடுவாங்களோன்னு தயங்காதீங்க, அவங்க உடம்புதான் முக்கியம்.

ஃபீஸ் விஷயத்துல புதுசா வர்றவங்க எல்லாரும் தடுமாறுறது ஒரே இடத்துலதான். முதல் சந்திப்பு 60லேருந்து 90 நிமிஷம் ஆகும், ஆனா அதுக்கு முன்னாடி ஃபுட் டைரி படிக்கணும், பின்னாடி ப்ளான் எழுதணும், நடுவுல வர்ற மெசேஜுக்கெல்லாம் பதில் சொல்லணும், ஒரு மணி நேரத்துக்கு காசு வாங்கிட்டு மூணு மணி நேரம் உழைச்சிட்டிருப்போம். ஒரு மாசம் எல்லா நேரத்தையும் குறிச்சு வச்சு, வாங்கின காச அந்த நேரத்தால வகுத்துப் பார்த்து ரேட் போடுங்க. மெசேஜுக்கு எந்த நேரத்துல பதில் வரும்னும் எழுத்துல குடுத்திடுங்க.

சப்ளிமென்ட் கம்பெனி கமிஷன் தர்றேன்னு கண்டிப்பா வருவாங்க. என் கருத்து, வாங்காதீங்க. வாங்கித்தான் ஆகணும்னா க்ளையன்ட்கிட்ட வெளிப்படையா சொல்லிடுங்க.

ப்ளான்ல ஒரே நேரத்துல பத்து மாத்தம் வேண்டாம், ரெண்டு போதும், எது வேலை செஞ்சுதுன்னு அடுத்த தடவை வரும்போது ரெண்டு பேருக்குமே தெரியும்.