பென்டிரைவைக் கர்னலிலேயே தடுப்பது

எங்கள் கணினிப் பயிற்சி மையத்தில் எல்லா மெஷினிலும் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. தேர்வு நடக்கும்போது பென்டிரைவ் வேலை செய்யக்கூடாது. யுஎஸ்பி போர்ட்டை எம்-சீல் வைத்து அடைக்கிறவர்கள் உண்டு. கீபோர்டையும் மவுஸையும் எங்கே செருகுவார்களோ! இயங்குதளத்தின் மையமான கர்னலில் ஒரு மாட்யூலை, அதாவது தேவைப்படும்போது ஏறும் ஒரு துண்டு நிரலை, மறித்தாலே வேலை முடிந்துவிடும். கட்டளைகளை இங்கே ஒலிப்பில் தருகிறேன், டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

முதலில் ஒரு பென்டிரைவைச் செருகி, ஏறியிருக்கும் மாட்யூல்களைப் பட்டியலிடும் எல்எஸ்மாட் கட்டளையைக் கொடுங்கள். யுஎஸ்பி_ஸ்டோரேஜ் என்ற வரி இருக்கும், பென்டிரைவை ஓட்டும் மாட்யூல் அதுதான். அதன் கடைசியில் பெரும்பாலும் யுஏஎஸ் என்ற பெயரும் நிற்கும். யுஏஎஸ் என்பது வேகமான வெளி ஹார்ட் டிஸ்குகளுக்கான மாட்யூல். யுஎஸ்பி_ஸ்டோரேஜ் இல்லாமல் அது ஓடாது. அதனால் கழற்றும்போது யுஏஎஸ் முதலில். பென்டிரைவை அன்மவுண்ட் செய்து பிடுங்கிவிட்டு, சுடோ மாட்ப்ரோப் -ஆர் யுஏஎஸ் யுஎஸ்பி_ஸ்டோரேஜ் என்று அடித்தால் இரண்டும் போய்விடும். சுடோ என்பது நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது, மாட்ப்ரோப் என்பது மாட்யூலை ஏற்றி இறக்கும் கட்டளை. மாட்யூல் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தால் ஏதோ ஒரு டிஸ்க் இன்னும் மாட்டியிருக்கிறது.

கழற்றினால் மட்டும் போதாது. அடுத்த பென்டிரைவைச் செருகியதும் கர்னல் தானாகவே மறுபடி ஏற்றிக்கொள்ளும். நிரந்தரமாகத் தடுக்க, எட்சி (இ-டி-சி) கோப்புறைக்குள் மாட்ப்ரோப்.டி என்ற கோப்புறையில் புதுக் கோப்பு ஒன்று வேண்டும். பெயர் உங்கள் விருப்பம். ஆனால் .கான்ஃப் என்று முடியாவிட்டால் மாட்ப்ரோப் அதைச் சீந்தவே சீந்தாது.

பலர் அதில் பிளாக்லிஸ்ட் யுஎஸ்பி_ஸ்டோரேஜ் என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. பிளாக்லிஸ்ட், சாதனத்தைக் கண்டு தானாக ஏற்றுவதை மட்டுமே நிறுத்தும். இன்னொரு மாட்யூல் துணைக்குக் கூப்பிட்டால் வந்துவிடும். இங்கே யுஏஎஸ் கூப்பிடும். அதனால் இன்ஸ்டால் யுஎஸ்பி_ஸ்டோரேஜ் /பின்/ஃபால்ஸ் என்று ஒரு வரி, யுஏஎஸ்ஸுக்கும் அதேபோல ஒரு வரி எழுதுங்கள். மாட்யூலை ஏற்று என்று கேட்கும்போதெல்லாம், ஏற்றுவதற்குப் பதில் ஃபால்ஸ் என்ற, தோல்வி மட்டுமே தரும் நிரல் ஓடித் தோற்றுப்போகும்.

அப்புறம் சுடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு அடியுங்கள், பூட் தொடக்கத்தில் கர்னல் பயன்படுத்தும் சின்னக் கோப்பு அமைப்பை அது புதுப்பிக்கும். இதை விட்டால், பூட் ஆகும் தொடக்கத்திலேயே பழைய அமைப்பின்படி மாட்யூல் ஏறிவிடலாம். ரீபூட் செய்து பென்டிரைவைச் செருகுங்கள். கர்னலின் செய்திகளைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி கட்டளையில் சாதனத்தின் பெயர் வரும், டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் டிஸ்க் வராது. கீபோர்டும் மவுஸும் யுஎஸ்பிஹெச்ஐடி என்ற வேறு மாட்யூலில் ஓடுவதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. யுஎஸ்பி டிஸ்கிலிருந்தே பூட் ஆகும் மெஷினில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள், எழுந்திருக்காது.

இதில் ஓட்டைகளும் உண்டு. மொபைல் போன் எம்டிபி என்ற தனி முறை வழியாகக் கோப்பு மாற்றும், இந்த மாட்யூலைத் தொடுவதே இல்லை. போனை வாசலிலேயே வாங்கி வைக்கிறோம். சுடோ உரிமை உள்ளவர் எவரும் இந்தத் தடையைத் தாண்டிவிடலாம், மாணவர் கணக்குக்கு அதைக் கொடுக்காதீர்கள். கர்னல்.மாட்யூல்ஸ்_டிஸேபிள்ட் என்ற கர்னல் அமைப்பை 1 ஆக்கினால் ரீபூட் வரை எந்த மாட்யூலுமே ஏறாது. ஆனால் நடுவில் புதிதாகச் செருகும் வெப்கேமரா போன்றவை முழிக்கும். எங்களுக்கு அது அதிகப்படி.

தேர்வு முடிந்ததும் அந்த .கான்ஃப் கோப்பை நீக்கி, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் இன்னொரு முறை ஓட்டினால் பென்டிரைவ் பழையபடி வேலை செய்யும்.