ரிசார்ட்ல பக்கத்து ரூம் கும்பல் ஆட்டம் போட்டா என்ன பண்ணலாம்

டைம்ஷேர் மெம்பர்ஷிப் (முன்கூட்டியே பணம் கட்டி வருஷா வருஷம் ரிசார்ட்ல சில நாள் தங்கற திட்டம்) வச்சிருக்கவங்களுக்கு ஒரு சின்ன டிப்ஸ். போன டிசம்பர்ல கொடைக்கானல் போயிருந்தோம், பக்கத்து நாலு ரூமையும் ஒரே ஆபீஸ் கும்பல் எடுத்துட்டு நைட்டு 12 மணிக்கு பால்கனில ஸ்பீக்கர் வச்சு ஒரே கூத்து, எங்க மாமியார் காதுல பஞ்சை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க பாவம்.

தயவுசெஞ்சு நீங்களே போய் கதவத் தட்டாதீங்க, தண்ணி போட்டவன்கிட்ட நியாயம் பேசி ஜெயிச்சவன் எவனும் இல்ல. ரிசப்ஷனுக்கு போன் போட்டு டியூட்டி மேனேஜரைக் கேளுங்க, நைட்டு 10ல இருந்து காலைல 6 வரைக்கும் வெளில ஸ்பீக்கர் போடக்கூடாதுன்னு 2000ம் வருஷ ஒலி மாசு விதியே இருக்குன்னு சொல்லுங்க, அப்புறம் டைமோட ரிஜிஸ்டர்ல எழுதச் சொல்லுங்க. வாயால சொன்னா காலைல ஷிப்ட் மாறினதும் "அப்படியா சார், தெரியாதே"ன்னுடுவாங்க (எங்களுக்கு அதான் நடந்துச்சு).

அந்தக் கும்பல் யாரோ ஒரு மெம்பரோட பாயின்ட்ஸ்ல (ரூம் புக் பண்ண மெம்பர் கணக்குல இருக்கறது) கெஸ்ட்டா வந்திருந்தா, பெரும்பாலும் அந்த மெம்பர்தான் பொறுப்பு, அதையும் எடுத்துச் சொன்னா மேனேஜர் கொஞ்சம் சுறுசுறுப்பாவாரு. அடிதடி ரேஞ்சுக்குப் போனா யோசிக்காம 112, அவசர உதவி நம்பர்.

செக்அவுட்டுக்கு முன்னாடியே மெயில் போட்டு அந்த நைட்டுக்கு பாயின்ட்ஸ் திருப்பிக் கேளுங்க. சரிப்பட்டு வரலன்னா 1915, கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன். அடுத்த தடவை புக் பண்ணும்போது கேம்ப்பயர் போடற பக்கம் ரூம் வேணாம்னு முன்கூட்டியே சொல்லிடுங்க.