பிக்கப்புக்கு ஏ.டி. டயர்: தார் ரோட்டிலேயே ஓடுகிறவர்கள் எதைப் பார்த்து வாங்குவது

ஏ.டி., அதாவது எல்லாத் தரையிலும் ஓடுகிற ‘ஆல் டெரெய்ன்’ டயர் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால், வண்டி ஒரு மாதம் எங்கெல்லாம் ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். என் கணக்கு ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர். கோவை–பொள்ளாச்சி ரோடு, சேலம் போகிற நெடுஞ்சாலை, ஊருக்குள் அலைச்சல் எல்லாம் சேர்ந்து 1,700. மீதி நூறுதான் தோப்புக்குப் போகிற மண் தடம், அதிலும் மழைக்காலத்தில் சேறாகக் கிடப்பது அரை கிலோமீட்டர்கூட இருக்காது. இந்தக் கணக்கை நான் எழுதியது முதல் செட் டயர் வாங்கி ஏமாந்த பிறகு. பார்க்க ராணுவ லாரி மாதிரி இருக்கிறதே என்று ஆசைப்பட்டு, பெரிய பெரிய பட்டன் (டயர்மேல் துருத்தி நிற்கிற ரப்பர் கட்டி) வைத்த, கம்பெனி அளவைவிடப் பெரிய டயராகப் போட்டேன். எழுபதைத் தாண்டினால் ஒரு ரீங்காரம், வீட்டில் எல்லாரும் பேரிங் போய்விட்டது என்றார்கள். லிட்டருக்கு 12 கொடுத்த வண்டி பத்தரைக்கு வந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முதல் மழையில் ஒரு மொபெட் குறுக்கே வர, பிரேக் மிதித்தேன், காலிப் பெட்டியோடு பின்பக்கம் ஒரு ஆட்டம் ஆடியது பாருங்கள், அன்றைக்குத்தான் தப்பான டயர் வாங்கியிருக்கிறோம் என்பது புரிந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இது இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை) வண்டியைச் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவர்களுக்கு. பொலிரோ பிக்கப்பில் லோடு அடிக்கிறவர்களுக்குத் தேவை சரக்கு டயர், அது வேறு கதை.

டயரில் வகை நாலு. ஹெச்.டி. என்பது நெடுஞ்சாலை டயர், பட்டன்கள் நெருக்கமாக, அமைதியாக ஓடும். ஏ.டி. என்பது எல்லாத் தரைக்கும். எம்.டி. சேற்றுக்கு, பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே விரலே போகும். ஏ.டி.க்கும் எம்.டி.க்கும் நடுவில் ஆர்.டி. என்று ஒன்று இப்போது நிறைய விற்கிறது. சைடுவாலில் (டயரின் பக்கச் சுவரில்) முரட்டு வேலைப்பாடு, ஓரத்தில் பெரிய பட்டன், நடுவில் கொஞ்சம் சாதுவாக. படம் எடுத்துப் போட அருமையாக இருக்கும். தார் ரோடு பத்தில் ஒன்பது பங்கு என்றால் ஆர்.டி., எம்.டி. பக்கம் போகவே வேண்டாம், ஏ.டி.யிலேயே சாதுவானதைப் பாருங்கள்.

சாதுவானது எது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கடையில் டயரை உருட்டி வெளிச்சத்தில் நிறுத்தி, நடுப்பகுதியைப் பாருங்கள். பட்டன்கள் ஒன்றோடொன்று கோத்த மாதிரி ஏறக்குறைய தொடர்ச்சியான பட்டையாகச் சுற்றி வந்தால் ரோட்டில் நேராக ஓடும், சத்தம் குறையும். பட்டன்கள் எல்லாம் ஒரே அளவா, அல்லது சிறிதும் பெரிதுமாக மாறி மாறி வருகிறதா என்றும் பாருங்கள். ஒரே அளவாக இருந்தால் ஒவ்வொன்றும் ரோட்டில் அறைகிற சத்தம் ஒரே சுருதியில் சேர்ந்து ஊளையாகிவிடும். அளவு மாறினால் அது சிதறிப் போகும்.

அதைவிட முக்கியம், பட்டன்மேல் கத்தியால் கீறியது போல இருக்கும் மெல்லிய வெட்டுகள். ஈரத்தில் பிடிப்பு கொடுப்பதில் பெரும்பங்கு இவைதான்: ஒவ்வொரு வெட்டும் ரோட்டைக் கவ்வ ஒரு விளிம்பு, தண்ணீரை உறிஞ்சி ஒதுக்க ஒரு இடுக்கு. பெரிய பள்ளம் இருந்தால் மழையில் நன்றாகப் பிடிக்கும் என்று நினைக்கிறோம். பாதிதான் உண்மை. தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போகும்போது டயர் மிதக்காமல் இருக்க ஆழமான பள்ளம் உதவும். ஆனால் பிரேக் மிதிக்கிற நேரத்தில் உயரமான, தனித்தனியாக நிற்கிற பட்டன்கள் வளைந்து கொடுக்கும், ரோட்டைத் தொடுகிற ரப்பரும் குறைவு, அதனால் நிற்கிற தூரம் கூடும். காலியாக ஓடுகிற பிக்கப்புக்கு இது இரட்டிப்புத் தலைவலி. பின்னால் இருக்கிற பட்டை ஸ்பிரிங் சுமைக்காகச் செய்தது, காலிப் பெட்டியில் விறைப்பாகத் துள்ளும். பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாய்ந்து பின்சக்கரம் இன்னும் லேசாகிவிடும். எனவே வெட்டுகள் நிறைய இருக்கிறதா, நகத்தையோ விசிட்டிங் கார்டையோ விட்டுப் பார்த்தால் ஆழமாகப் போகிறதா என்று சோதியுங்கள். மேலாக மட்டும் கீறிய வெட்டு, டயர் பாதி தேயும்போதே காணாமல் போகும். அப்புறம் கையில் இருப்பது மழைக்கு லாயக்கில்லாத பாதி டயர்.

அடுத்தது அளவு. வி-கிராஸில் வருகிற 255/60 ஆர் 18-ஐ எடுத்துக்கொள்வோம். அகலம் 255 மில்லிமீட்டர், சைடுவால் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 18 இஞ்ச். கூட்டினால் டயரின் மொத்த உயரம் 763 மி.மீ. அதை 265/60 ஆர் 18 ஆக்கினால் 775. பன்னிரண்டு மி.மீ. கூடுகிறது, ஆனால் வண்டி உயர்வது அதில் பாதி, வெறும் 6 மி.மீ. மீட்டர் 100 காட்டும்போது நிஜத்தில் முன்னைவிட ஒன்றரைக் கிலோமீட்டர் வேகம் கூட. பரவாயில்லை. ஆனால் 17 இஞ்ச் ரிம்மில் 255/65 இருக்கிற வண்டிக்கு 265/70 போட்டால் உயரம் 803-க்குப் போய்விடும், மீட்டர் நூறு காட்டினால் ஓடுவது 105. ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது மட்கார்டின் உள் லைனரில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும், கியர் விகிதமும் மாறின மாதிரி வண்டி இழுக்கச் சோம்பும். (கிலோமீட்டர் மீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டும், அதனால் மைலேஜ் குறைந்த மாதிரி தெரிவதில் கொஞ்சம் கணக்குப் பிழையும் உண்டு. என் பத்தரையில் எவ்வளவு நிஜம், எவ்வளவு பிழை என்று தெரிய ஒரு மாதம் ஆனது.) என் முடிவு: கம்பெனி அளவையே போடுங்கள். ஆழ்மனத்தில் ஆசை இருந்தால் ஒரு படி, அதற்குமேல் வேண்டாம்.

அளவுக்குப் பக்கத்தில் 112 எஸ் மாதிரி ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 110 என்றால் 1,060. எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ. வரை, டி 190, ஹெச் 210. ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் தாளையும் வண்டிப் புத்தகத்தையும் பாருங்கள். அதில் சொன்ன சுமை எண்ணுக்கும் வேக எழுத்துக்கும் கீழே போகாதீர்கள்.

சில டயர்களில் அளவுக்கு முன்னால் எல்.டி. (லைட் டிரக், சிறு லாரி) என்று இருக்கும், சுமை வகை ‘இ’ என்றால் பழைய கணக்கில் பத்துப் பிளை, அதாவது பத்து அடுக்கு. சைடுவால் தடிமன், கூரான கல் கிழிக்காது, சுமையும் தாங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே அளவில் சாதாரண ஏ.டி.யைவிட டயருக்கு 4, 5 கிலோ கூட வரலாம். அந்த எடை சக்கரத்தில் சுழல்கிற எடை. கிளப்பவும் நிறுத்தவும் கூடுதல் வேலை, ஸ்பீடு பிரேக்கரில் இடுப்புக்குத் தெரியும். அதே சுமைக்குக் காற்றும் கூட வைக்க வேண்டும். கல் குவாரிக்கோ, மாதம் இரண்டு தடவை காட்டுத் தடத்துக்கோ போகிறவர் வாங்கட்டும். வால்பாறைக்குக் குடும்பத்தோடு நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்கு எல்.டி. எதற்கு?

சைடுவாலில் மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் வரைந்த முத்திரை இருந்தால், பனியில் பிடிப்புச் சோதனையில் தேறியது என்று பொருள். எம்.எஸ். எழுத்துக்குச் சேறும் பனியும் என்று அர்த்தம், அதற்குத் தனிச் சோதனை எதுவும் கிடையாது. இரண்டுக்காகவும் நம் ஊரில் கூடக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பிராண்டு கேட்பீர்கள். யோகோஹாமா ஜியோலாண்டர், அப்போலோ ஆப்டெரா, எம்.ஆர்.எஃப். வாண்டரர் எல்லாவற்றிலும் ஏ.டி. உண்டு, பி.எஃப்.குட்ரிச் கே.ஓ.2-வைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், முரட்டு டயர் என்றாலே அந்தப் பெயர்தான் வரும். ஆனால் 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. நாலு டயர் இன்று கிடைத்தாலும், அடுத்த வருடம் ஒன்று சைடுவால் கிழிந்தால் அதே டயர் ஒன்று மட்டும் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஃபோர் வீல் போடுகிற வண்டியில் ஒன்று புதுசு, மூன்று தேய்ந்தது என்று ஓட்டினால் உயர வித்தியாசம் கியர்பெட்டியைத் தின்னும். நான் ஐந்தாக வாங்கி ஸ்டெப்னியையும் இடம் மாற்றுகிற சுற்றில் சேர்த்துக்கொள்கிறேன்.

பில் போடுவதற்கு முன் சைடுவாலில் இருக்கும் தயாரிப்பு எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஒரு கடையில் “புது ஸ்டாக்ண்ணே, நேத்துதான் இறக்கினோம்” என்றார்கள், திருப்பிப் பார்த்தால் மூன்று வருடம் முந்தியது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். ஐந்திலும் தேதி பாருங்கள், ஒன்றில் மட்டும் பார்க்காதீர்கள்.

சரி, அந்த அரை கிலோமீட்டர் சேறு? செம்மண்ணில் சாது ஏ.டி. தாராளமாகப் போகிறது. கரிசல் மண் நனைந்தால் மட்டும் எந்த ஏ.டி.யும் பத்து அடியில் பட்டனெல்லாம் அப்பி மொட்டை டயர் ஆகிவிடும். ஐப்பசி மழையில் நான் வண்டியை மேட்டிலேயே விட்டுவிட்டு நடக்கிறேன்.

மாட்டிய பிறகு முதல் முந்நூறு, நானூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள், டயரை வார்ப்பு அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழவழப்பு மேலே இருக்கும், மழையில் வழுக்கும். காற்றைக் காலையில் டயர் சூடாகும் முன் பாருங்கள், அளவு மாறவில்லை என்றால் கதவுத் தாளில் இருப்பதே போதும். எட்டாயிரம், பத்தாயிரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். ஏ.டி. பட்டன்கள் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேயும், அதை விட்டுவிட்டால் அமைதியாக இருந்த டயரும் இருபதாயிரத்தில் ஊளையிட ஆரம்பிக்கும். மண் தடத்தில் போய்விட்டு தார் ரோடு ஏறியதும் டக் டக் என்று கேட்டால் பயப்பட வேண்டாம், பட்டன் இடுக்கில் ஜல்லி மாட்டியிருக்கும், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை வண்டியிலேயே போட்டு வையுங்கள்.