கேபினட் முகப்பில் முள் மீட்டரும் ஃபேன் கன்ட்ரோலரும்

கம்ப்யூட்டர் ஃபேன்களின் வேகத்தைக் குமிழால் கூட்டிக் குறைக்கவும், வேகத்தையும் வெப்பத்தையும் முள் மீட்டரில் பார்க்கவும் உதவும் பேனலைக் கேபினட் முகப்பில் மாட்டுவது எப்படி என்று பார்ப்போம். முதலில் கேபினட்டைப் பாருங்கள். சிடி டிரைவ் மாட்டும் 5.25 இன்ச் பே (முன்பக்க அறை) இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். இப்போது வரும் கண்ணாடி கேபினட்டுகளில் பெரும்பாலும் அது கிடையாது. பழைய கேபினட் ஒன்றைத் தேடி எடுங்கள். டிஜிட்டல் திரையைவிட முள் மீட்டர்தான் எனக்குப் பிடிக்கும். ஃபேன் வேகம் ஏற ஏற முள் நகர்வதைப் பார்ப்பதே தனிச் சந்தோஷம்.

பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, பேனலை முன்பக்கமாகச் செருகி இரு பக்கமும் ஸ்க்ரூ போடுங்கள். கரண்டுக்கு, பவர் சப்ளையிலிருந்து வரும் நான்கு வயர் மோலெக்ஸ் கனெக்டர்: மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு இரண்டும் கிரவுண்ட்.

இனிதான் கவனம் தேவை. குமிழ் வைத்த பேனல்கள் பெரும்பாலும் வோல்டேஜைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்கின்றன. அதற்கு மூன்று வயர் கொண்ட 3 பின் ஃபேன்தான் பொருத்தம். ஃபேன் ஸ்டிக்கரில் 0.30 ஆம்பியர் என்றிருந்தால், 12-ஆல் பெருக்க 3.6 வாட். ஒரே சேனலில் (ஒரு குமிழின் இணைப்பில்) இரண்டு மாட்டினால் 7.2. பேனலின் வரம்பு இதைவிடத் தாராளமாக இருக்கட்டும். குமிழை அடியோடு குறைத்தால் ஃபேன் நின்றுவிடலாம். நின்ற ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அதற்குக் கீழே போகாதீர்கள்.

சிபியு ஃபேனை மட்டும் மதர்போர்டிலேயே விட்டுவிடுங்கள். சூடு ஏறியதும் அதை வேகப்படுத்த மதர்போர்டுக்குத் தெரியும். அந்த நேரத்தில் உங்கள் கை குமிழில் இருக்காது.

பேனலின் வெப்ப சென்சார் முனையைச் சிபியுவுக்கும், அதன் சூட்டை வாங்கும் உலோகப் பாகமான ஹீட்சிங்குக்கும் நடுவில் வைக்கவே கூடாது. ஹீட்சிங்கின் அடிப்பகுதியில் ஓரமாக, சூடு தாங்கும் காப்டன் டேப்பால் ஒட்டுங்கள். சாதா செல்லோ டேப் சூட்டில் கழன்றுவிடும். மீட்டர் காட்டும் வெப்பம் சாஃப்ட்வேர் காட்டுவதைவிடக் குறைவாகவே இருக்கும். அது கோளாறு அல்ல.