மார்பை வைத்துக்கொண்டு கட்டியை எடுப்பது: ஒரு தையல்காரியின் அளவுக் குறிப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் முப்பது வருடமாக ரவிக்கை தைக்கிறேன். அம்மா பால்மரம் வெட்டியவர், நான் ஆயாக்கொட்டகையில் வளர்ந்தவள். தோட்டத்துப் பெண்கள் அளவு கொடுக்க வரும்போது, நாடா மார்பைச் சுற்றும் அந்த நேரத்தில்தான் மெல்லக் கேட்பார்கள்: "அக்கா, உங்களுக்கு எல்லாத்தையும் எடுத்துட்டாங்களா?"

எடுக்கவில்லை. இடது மார்பில் அக்குள் பக்கமாக 2.3 சென்டிமீட்டர் புற்றுநோய்க் கட்டி. அதையும் சுற்றிக் கொஞ்சம் சதையையும் எடுத்தார்கள், அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிட்டேன்.

முதலில் அளவு. கட்டி எவ்வளவு பெரிசு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மூன்று சென்டிமீட்டர் கட்டியைப் பெரிய மார்பிலிருந்து எடுத்தால் இடம் தெரியாது, சின்ன மார்பில் பள்ளம் விழும். டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "கட்டியோடு சுற்றுச் சதையையும் எடுத்தால் என் மார்பில் எத்தனை பங்கு போகும்?" ஐந்தில் ஒரு பங்குக்குள் என்றால் பெரும்பாலும் பக்கத்துச் சதையை நகர்த்தியே மூடிவிடுவார்கள். அதைத் தாண்டினால் மார்பையே சிறிதாக்கி வடிவமைக்கும் முறை இருக்கிறது. முதுகுப் பக்கத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து நிரப்புவதும் உண்டு. இதையெல்லாம் செய்யத் தெரிந்த மருத்துவர் அங்கே இருக்கிறாரா என்றும் கேட்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை.

எல்லோருக்கும் இது பொருந்தாது. கட்டிகள் பல மூலைகளில் சிதறியிருந்தால், மார்பு முழுக்கச் சிவந்து வீங்கும் வகையாக இருந்தால், அதே இடத்தில் முன்பே கதிர்வீச்சு வாங்கியிருந்தால் பெரும்பாலும் முழு மார்பையும் எடுப்பதுதான் வழி. கர்ப்பிணிகளின் கணக்கு வேறு, அதை டாக்டரோடுதான் பேச வேண்டும்.

கட்டி பெரிசு என்று உடனே மனசை விட்டுவிடாதீர்கள். பழைய லயத்தில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான்கு சென்டிமீட்டருக்கு மேல். முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கினார்கள். சுருங்கினால் இடம் தெரியாமல் போய்விடுமே? கீமோவுக்கு முன்பே கட்டிக்குள் குட்டி உலோகக் கிளிப் ஒன்றை வைத்துவிட்டார்கள். ஆபரேஷன் அன்று காலை ஸ்கேன் பார்த்தபடி, கொக்கி முனையுள்ள மெல்லிய கம்பியை அந்த இடம் வரை செலுத்தினார்கள். டாக்டர் கம்பியின் வழியே போய் வெட்டினார்.

என் கட்டி கைக்கே தட்டுப்பட்டதால் கம்பி வேண்டியிருக்கவில்லை. காலையில் டாக்டர் என்னை நிற்கவைத்து மார்பில் பேனாவால் கோடு போட்டார். "ஆன்ட்டி, ஜாங்ஙான் தாக்குட்" என்றார், மலாயில் பயப்படாதீர்கள் என்று. பயம் போகவில்லை, ஆனால் ஏன் நிற்கவைக்கிறார் என்பது சட்டென்று புரிந்தது. படுத்தால் மார்பு பக்கவாட்டில் சரிந்து வேறு வடிவம் எடுக்கும், நிற்கும்போதுதான் உண்மையான அளவு. ரவிக்கைக்கு நானும் அப்படித்தான் எடுக்கிறேன்.

வெட்டு எங்கே வரும் என்று முன்கூட்டியே கேளுங்கள். காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரம், மார்புக்குக் கீழ் மடிப்பு, அக்குள் ஓரம் ஆகிய இடங்களில் தழும்பு ஒளிந்துகொள்ளும். கருவட்டத்தைச் சுற்றி வளையமாகத் தோலை எடுத்து, பாவாடை நாடாவைச் சுருக்குவதுபோல் நூலை இழுத்து மூடும் தையலும் உண்டு. கேட்டபோது எனக்குக் கை பரபரத்தது. எடுத்த பள்ளத்தின் சுவரில் சில கிளிப்புகளை விட்டுவைப்பார்கள். பின்னால் கதிர்வீச்சுக்கு அதுதான் அடையாளம், எக்ஸ்ரேயில் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அடுத்தது. வெட்டி எடுத்த சதைத்துண்டில் நூல் கட்டுகிறார்கள், பெரும்பாலும் மேல்பக்கத்துக்குக் குட்டை நூல், வெளிப்பக்கத்துக்கு நீள நூல். துண்டு லேபுக்குப் போன பிறகு எது மேல், எது கீழ் என்று குழம்பக்கூடாது அல்லவா? அங்கே அதன் வெளிப்புறம் முழுக்க மை பூசி, மெல்லிய சீவலாக்கிப் பார்ப்பார்கள். புற்று உயிரணு மையைத் தொட்டால் ஓரம் சுத்தமில்லை. பால்குழாயைத் தாண்டிப் பரவும் வகைப் புற்றுக்கு மையைத் தொடாமல் இருந்தாலே போதும் என்று 2014-இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் வரையறுத்தன. பால்குழாய்க்குள்ளேயே இருக்கும் ஆரம்ப வகைக்கு 2 மில்லிமீட்டர் இடைவெளி பார்ப்பார்கள்.

எனக்குக் கீழ் ஓரத்தில் மை தொட்டுவிட்டது. மூன்று வாரம் கழித்து மறுபடியும் மேசை. நூல் இருந்ததால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் சீவினார்கள். பலருக்கு இது நடக்கிறது, டாக்டர் கெடுத்துவிட்டார் என்று அர்த்தமில்லை. "இரண்டாம் தடவை ஆபரேஷன் வேண்டியிருக்குமா?" என்பதை முதல் நாளே கேட்டு மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

மார்பிலிருந்து வரும் நிணநீரை அக்குளில் முதலில் வடிகட்டும் ஓரிரு நெறிக்கட்டுகளையும் எடுத்துப் பார்ப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க நீலச் சாயம் போடுவதுண்டு. மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனது. யாரும் சொல்லி வைக்கவில்லை, கழிவறையிலேயே கத்திவிட்டேன்.

நாத்தனார் அப்போதும் விடவில்லை. "எல்லாத்தையும் எடுத்துடுங்க அண்ணி, நிம்மதி." நிம்மதிக்குக் கணக்கு இருக்கிறது. இத்தாலியின் மிலான் நகரில் டாக்டர் வெரோனேசி 701 பெண்களை வைத்தும், அமெரிக்காவில் டாக்டர் ஃபிஷர் 1,851 பெண்களை வைத்தும் எழுபதுகளில் ஆராய்ச்சி தொடங்கினார்கள். இருபது வருடம் அவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2002-இல், இருவரும் சொன்னது ஒன்றே: முழு மார்பை எடுத்தவர்களும் காப்பாற்றிக்கொண்டவர்களும் உயிரோடு இருப்பதில் வித்தியாசமில்லை.

ஆனால் ஃபிஷரின் கணக்கில் இன்னொரு வரியும் உண்டு. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு வாங்காதவர்களில் 100-க்கு 39 பேருக்கு அதே மார்பில் திரும்ப வந்தது, வாங்கியவர்களில் 14 பேருக்கு. அதனால் கதிர்வீச்சு வேண்டாம் என்றால் இந்த ஆபரேஷனே பாதித் தையல். எழுபது வயதைத் தாண்டிய சிலருக்கு விட்டுவிடலாம்தான், அதை டாக்டர் சொல்லட்டும்.

நம் ஊர் மருத்துவமனையில் கதிர்வீச்சுக் கருவி கிடையாது. நான் புத்ராஜெயாவிலுள்ள இன்ஸ்டிட்யூட் கான்சர் நெகாரா என்ற தேசியப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனேன். 15 தடவை, திங்கள் முதல் வெள்ளி வரை, மூன்று வாரம். காஜாங்கில் அண்ணன் மகள் வீட்டில் தங்கினேன். தங்க இடம், பஸ் காசு, வேலைக்கு லீவு எல்லாவற்றையும் ஆபரேஷன் தேதி வாங்கும்போதே பேசி முடியுங்கள். இடது மார்பு என்றால் மூச்சை நிறைய இழுத்துப் பிடிக்கச் சொல்லலாம், இதயம் கதிரிலிருந்து சற்று விலகும். வீட்டில் பழகிக்கொண்டு போங்கள்.

அப்புறம் ஒரு தலையணை. பழைய பருத்திச் சேலையில் ஒரு முழ நீளத்துக்குப் பை தைத்து, இலவம்பஞ்சைத் தளர்வாக அடையுங்கள். காரில் சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவே வைக்கலாம், தூங்கும்போது அக்குளில் அணைத்துக்கொள்ளலாம். தையல் தெரியாதவர்கள் சேலையைக் கொண்டுவாருங்கள், காசு வேண்டாம்.