மெலனோமா: 'எம்.ஐ.டி.எஃப். பி300-ஐ இழுக்கிறது' என்று எழுதுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெலனோமா என்பது நிறமிச் செல்களில் வரும் புற்றுநோய். அதை ஆராயும் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களின் பிளாட்டுகளை (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டுகளை) வாராவாரம் பார்க்கிறேன். நாங்கள் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். லேபிள் மாறுவது, ஆண்டிபாடி தீர்ந்துபோவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படிச் சரியாகாதவை.

எம்.ஐ.டி.எஃப்., நிறமிச் செல்களின் அடையாளத்தையே தீர்மானிக்கும் படியெடுத்தல் காரணி, அதாவது மரபணுக்களை இயக்கும் புரதம். டைரோசினேஸ் மாதிரியான மரபணுக்களின் முகப்பில் உட்கார்ந்து, தன் ஊக்கப் பகுதியால் பி300, சி.பி.பி. ஆகிய இணை ஊக்கிகளை, அதாவது துணைப் புரதங்களை, பிடித்து இழுக்கிறது. டி.என்.ஏ. சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் அவை அசிடைல் ஏற்ற, அந்த இடத்தில் படியெடுப்பு சூடுபிடிக்கிறது. 'இழுக்கிறது' என்பதை நிரூபிப்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

நடுவில் கிடக்கும் டி.என்.ஏ.

கோ-ஐ.பி. என்பது ஒரு புரதத்தை ஆண்டிபாடியால் இழுத்து, கூட எது வருகிறது என்று பார்க்கும் சோதனை. அதில் எம்.ஐ.டி.எஃப்.-ஐ இழுத்தால் கூடவே பி300 வருகிறது. சரி, இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் வந்தனவா? இரண்டும் ஒரே டி.என்.ஏ. துண்டில் தனித்தனியாக ஒட்டியிருந்தாலும் சேர்ந்தேதான் வரும். எப்படி வந்தாலும் பிளாட்டில் தெரிவது அதே பி300 பட்டைதான்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவர், எம்.ஐ.டி.எஃப்.-இன் ஊக்கப் பகுதியை வெட்டியெறிந்த வடிவத்தை வைத்து இதைச் செய்தார். பி300 அப்போதும் வந்தது. பி300 பிடிக்கும் புதிய பகுதி ஒன்று இருக்கிறது என்று முடிவுகட்டி, அதைத் தேடி வெட்டு வடிவங்களை வரிசையாகக் கட்டத் தொடங்கினார். ஓராண்டுக்கு மேல் போயிற்று. "பென்சோனேஸ் போட்டாயா?" என்று கேட்டேன். டி.என்.ஏ.வை வெட்டும் நொதி (நியூக்ளியேஸ்) அது. "போட்டேன், சார்" என்றார். உண்மையாகவே போட்டிருந்தார். ஆனால் அவருடைய லைசிஸ் பஃபரில் (செல்லை உடைக்கும் கரைசலில்) 2 மில்லிமோலார் இ.டி.டி.ஏ. இருந்தது. பென்சோனேஸுக்கு மெக்னீசியம் வேண்டும், இ.டி.டி.ஏ. அதைத்தான் பிடுங்கிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, உட்கருச் சாற்றில் உப்பு 420 மில்லிமோலார். அந்த உப்பில் இந்த நொதி ஒழுங்காக வேலை செய்யாது.

சாற்றில் ஒரு சொட்டு எடுத்து அகரோஸ் ஜெல்லில் ஓட்டச் சொன்னேன். குழியின் அடியிலேயே டி.என்.ஏ. தடித்த வெள்ளைக் கட்டியாக நின்றது. துளிகூட வெட்டுப்படவில்லை. இ.டி.டி.ஏ.வை நீக்கி, உப்பை 150-க்கு இறக்கி, மெக்னீசியம் குளோரைடு சேர்த்து மறுபடி செய்ததும் வெட்டிய வடிவத்தோடு வந்த பி300 பட்டை போய்விட்டது. முழு நீள எம்.ஐ.டி.எஃப்.-உடன் மட்டும் பி300 நின்றது. ஓராண்டு உழைப்பை ஒரு பத்து நிமிட ஜெல் காப்பாற்றியிருக்கும். இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. யாருமே அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லையே என்றுதான்.

நியூக்ளியேஸ் போட்டேன் என்பது போதாது, வெட்டியதைக் காட்டுங்கள். இன்னொன்று: எம்.ஐ.டி.எஃப். இரட்டையாகச் சேரும் புரதம். வெட்டிய வடிவம் செல்லில் ஏற்கெனவே இருக்கும் முழு வடிவத்தோடோ, அதன் உறவுப் புரதமான டி.எஃப்.இ.3-உடனோ ஜோடி சேர்ந்து, அதன் வழியாகவும் பி300-ஐ இழுத்து வரலாம். சுத்திகரித்த புரதத் துண்டுகளை வைத்து ஒரு சோதனை செய்யாமல் 'நேரடிப் பிணைப்பு' என்று எழுதாதீர்கள்.

ஐம்பது கிலோடால்டன் பட்டை

இழுக்கப் போட்ட ஆண்டிபாடியின் கனச்சங்கிலியும் (அதன் பெரிய துண்டும்) எம்.ஐ.டி.எஃப்.-உம் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் ஓடும். ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடலாம். இழுத்ததற்கு ஒரு விலங்கின் ஆண்டிபாடி என்றால், பிளாட்டுக்கு வேறு விலங்கின் ஆண்டிபாடியைப் பயன்படுத்துங்கள்.

இரண்டு பீக் ஒன்றன்மேல் ஒன்று

சிப்-சீக், ஒரு புரதம் டி.என்.ஏ.வில் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை பீக்குகளாகக் காட்டும் சோதனை. அதில் எம்.ஐ.டி.எஃப்.-உம் பி300-உம் ஒரே இடத்தில் எழும்பினால் அது அருகாமை, அவ்வளவுதான். அதே இடத்தில் பல சமயம் இன்னொரு படியெடுத்தல் காரணியான சாக்ஸ்10-உம் உட்கார்ந்திருக்கும். இழுத்தது அதுவாகவும் இருக்கலாம். எம்.ஐ.டி.எஃப்.-ஐச் சில மணி நேரத்துக்குள் சிதைத்துவிட்டு பி300 இறங்குகிறதா என்று பாருங்கள். நாள்கணக்கில் காத்திருந்தால் செல்லின் நிலையே மாறிவிடும். அப்புறம் எது எதனால் என்று பிரிக்க முடியாது.

எஸ்.கே.-மெல்-5-இல் பி.ஆர்.ஜி.1 தேடுவது

எஸ்.கே.-மெல்-5 ஒரு மெலனோமா செல் வரிசை. பி.ஆர்.ஜி.1, டி.என்.ஏ. சுருளைத் தளர்த்தும் இன்னொரு துணைப் புரதம். அந்தச் செல்களில் அது இல்லை.

பிஜிசி1-ஆல்ஃபா

இதுவும் இணை ஊக்கிதான். ஆனால் மெலனோமாவில் 2013-இல் காட்டப்பட்டது, எம்.ஐ.டி.எஃப். அதன் மரபணுவை இயக்கி உற்பத்தியைக் கூட்டுகிறது என்பது. இழுப்பதற்குச் சான்றாக அதை மேற்கோள் காட்டாதீர்கள்.

ஏ-485 கொடுத்துவிட்டு 'பி300 விலகியது' என்பது

இந்த மருந்து பி300, சி.பி.பி. இரண்டின் அசிடைல் ஏற்றும் வேலையை நிறுத்துகிறது. ஹிஸ்டோன் 3-இன் 27-ஆம் லைசினில் அசிடைல் குறைந்தால், நொதி நின்றுவிட்டது என்று அர்த்தம். புரதம் அங்கேயே உட்கார்ந்திருக்கக்கூடும். அதற்குத் தனியாக பி300 சிப் செய்ய வேண்டும்.