ஒரே ஆண்டு சிரா, ஆறு பாட்டில்

சிரா என்ற கறுப்புத் திராட்சையின் ஒயினைப் பல ஆண்டுகள் வைத்துக் குடிக்க ஆசைப்படுகிறவர்கள் ஒரே ஆண்டின் விளைச்சலில் ஆறு பாட்டில் வாங்குங்கள். ஒன்றை மட்டும் வாங்கி வைத்தால், அதைத் திறக்கும் நாள் வெறும் ஊகம்தான்.

நான் வாங்குவது பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் உள்ள கொர்னா என்ற ஊரில் ஒரு குடும்பம் செய்யும் ஒயின். அந்த ஊர்ப் பெயரில் விற்கும் சிவப்பு ஒயினுக்குச் சிரா தவிர வேறு திராட்சை சேர்க்கக் கூடாது. தோட்டத்திலும் நிலவறையிலும் அதே கைகள் என்பதால், ஓர் ஆண்டுக்கும் மற்றோர் ஆண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் வானிலையுடையது.

பாட்டிலின் பயணக் களைப்புத் தீர இரண்டு மூன்று வாரம் விட்டு முதல் பாட்டிலைத் திறங்கள். மிளகு மணம் வரும். மிளகில் உள்ள ரோட்டண்டோன் என்ற சேர்மமே இதிலும் இருக்கிறது. பின்னால் ஊதாப்பூ, கறுப்பு ஆலிவ், புகையூட்டிய இறைச்சி. விழுங்கிய பிறகு கவனியுங்கள்: துவர்ப்பு ஈறைப் பிடிக்க வேண்டும், புளிப்பு வாயூற வைக்க வேண்டும், பழச்சுவை இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். பாதியைத் தக்கையிட்டு மறுநாள் சுவையுங்கள். முதல் நாளைவிட நன்றாக இருந்தால் மற்ற ஐந்தையும் நம்பிப் படுக்க வைக்கலாம்.

வைக்கும் இடத்தில் வேண்டியவை: இருட்டு, 12 அல்லது 13 டிகிரி செல்சியஸ், தக்கை காயாத ஈரப்பதம். வெப்பம் ஏறி இறங்காதிருப்பதுதான் முக்கியம்.

நடுவில் இந்த ஒயின் வாய்மூடிக்கொள்ளும் காலம் ஒன்று உண்டு. ஐந்தாம் ஆண்டில் ஒரு பாட்டிலைத் திறந்தேன். மணமே இல்லை, துவர்ப்பு மட்டும். கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, மிச்சத்தை நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டாம் ஆண்டில் அவர் திறந்தபோது எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினார். ஈரமண், பதனிட்ட தோல், உலர்ந்த அத்தி, அடியில் அதே மிளகு. நெடுநேரம் பேச்சே வரவில்லை. ஊமையாக இருக்கும் பாட்டிலைக் கண்டால் மூன்று ஆண்டு அடுத்ததைத் தொடாதீர்கள்.

முதிர்ந்த பாட்டிலை முந்தைய நாளே நிமிர்த்தி வையுங்கள். வண்டல் அடியில் தங்கட்டும். கழுத்துக்குக் கீழே விளக்கொளி படும்படி, வேறொரு குடுவையில் நிறுத்தாமல் மெல்ல ஊற்றி, வண்டல் கழுத்தை எட்டும்போது நிறுத்துங்கள். இளம் சிராவுக்கு இரண்டு மணி நேரம் காற்றாட விடலாம். முதிர்ந்ததை அப்படி விட்டால் மணம் போய்விடும்; 16 டிகிரியில் உடனே கோப்பைக்கு வரட்டும்.